புகைக்கிற தூள்

1

ஹூஸ்டன் புறநகரில் நான் மளிகை வாங்கும் கடையில், நாய்த்தீனிக்கும் புல்வெட்டும் எந்திரங்களுக்கும் நடுவே, ஓர் அடுக்கு முழுக்க மரத்தூள் விற்கிறார்கள். இறைச்சிக்கும் மீனுக்கும் வீட்டிலேயே புகையூட்டுவதற்கு. ஆப்பிள் மரத்தூள், செர்ரி மரத்தூள், ஓக் மரத்தூள். ஒவ்வொரு பையிலும் மறைகிற சூரியனும் தொப்பி போட்ட ஒருவனின் நிழலும் இருக்கும். பின்பக்கம் சின்ன எழுத்தில், இதில் கோதுமை கலக்கவில்லை என்று உறுதிமொழி. மரத்தூளில் எதற்குக் கோதுமை என்று கேட்கும் ஆள் இந்த நாட்டில் இல்லை.

அந்த அடுக்கில் கண் உயரத்தில், மரியாதையான இடத்தில் இருப்பது மெஸ்கீட். டெக்சாஸ்காரர்களின் பெருமை. அந்த மரத்தை நெடுஞ்சாலை ஓரத்தில் முதன்முதலில் பார்த்தபோதே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அதே கோணல், அதே முள், ஆடு தின்னும் அதே மஞ்சள் காய். நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்கு, எங்கள் பக்கத்துப் பேச்சில் வெறும் கருவேலத்துக்கு, பங்காளி. இரண்டும் ஒரே மரம் என்று எழுதினால் தாவரவியல் படித்த வாசகர் யாராவது திருத்துவார். ஆகவே பங்காளி என்றே எழுதுகிறேன்.

மதுரைப் பக்கம் என் ஊரான எழுமலையில் அந்த மரத்தைக் கண்டால் வேரோடு பிடுங்கு என்கிறார்கள். தண்ணீரை உறிஞ்சுகிறது, நிலத்தைக் கெடுக்கிறது, அதன் நிழலில் புல் முளைக்காது என்று ஆளுக்கொரு குற்றம் சொல்வார்கள். இங்கே அதன் தூளைப் பையில் அடைத்து, ஜிப் வைத்து, ஈரம் படாமல் பாதுகாக்கச் சொல்லி விற்கிறார்கள். இந்தத் தை பிறந்தபோது நான் இந்த நாட்டுக்கு வந்து முப்பது ஆண்டு முடிந்தது. இந்த மக்களைப் பற்றி நான் புரிந்துகொண்டதில் பாதி, இந்த அடுக்கின் முன்னால் நின்று புரிந்துகொண்டது.

வெள்ளைக்காரன் வாங்கினால் எனக்கென்ன. நம் ஆட்கள் வாங்க ஆரம்பித்தபோதுதான் எரிச்சல் தொடங்கியது.

2

எங்கள் பகுதித் தமிழ்ச் சங்கத்து ஆண்களுக்கு ஐம்பது வயதைத் தாண்டினால் ஒரு நோய் வருகிறது. சில வருடம் அது சைக்கிளாக இருந்தது. பிறகு கறிவேப்பிலை வளர்ப்பது. இப்போது புகையடுப்பு. சனிக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டின் பின்புறம் கூடி, ஆட்டுத் தொடையை இரும்புப் பெட்டிக்குள் தொங்கவிட்டு, கையில் கிளாசோடு அதைச் சுற்றி நிற்பார்கள். பெட்டியிலிருந்து வரும் புகையை மூக்கால் இழுத்து, இதில் கொஞ்சம் பழ வாசம் தெரிகிறது, இல்லை, கொட்டை வாசம் என்று வாதிடுவார்கள். தங்கள் வீட்டில் தோசைக்கல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால் மனைவியைக் கூப்பிடுவார்கள்.

இவர்களுக்குத் தலைவர் சௌந்தர். மதுரை நகரத்துக்குள், சிம்மக்கல்லில் பிறந்தவர். வீட்டுக்குச் சொந்தமாக மொத்த வியாபாரக் கடையும், அதை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடையும் இருந்தன. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். அண்ணே, அண்ணே என்று பிரியமாகத்தான் பேசுவார். கெட்டவர் அல்லர். கெட்டவராக இருப்பதற்கு அடுத்தவரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். சௌந்தருக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

என் மகள் நிலா இன்சூரன்ஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இவரோடு சேர்ந்து உணவகம் தொடங்குவதாக ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். சமைப்பது அவள். இடம் பிடித்து, பெயர் வைத்து, நான்கு பேரிடம் பேசுவது அவர். பெயர் 'மதுரைப் புகை'. சங்க மலருக்குப் பிழை திருத்துகிறவன் என்பதால், உணவுப் பட்டியலில் அச்சாகப் போகும் முன்னுரையை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். எழுமலையின் வறண்ட காட்டில், மூன்று தலைமுறைகளுக்கு முன், எங்கள் பாட்டி சீமைக்கருவேலம் புகையில் பதப்படுத்திய உப்புக்கண்டம் என்று அது தொடங்கியது.

சிவப்பு மையை எடுத்தேன். சௌந்தரின் பாட்டி எழுமலைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. உப்புக்கண்டம் வெயிலில் காய்வது. அதற்கும் புகைக்கும் சம்பந்தம் இல்லை. என் அப்பா சிறுவனாக இருந்தபோது எழுமலைக் கண்மாயில் இந்தச் சீமைக்கருவேலமே கிடையாது. எனக்கு விவரம் தெரிந்தபோது அதைத் தவிர வேறு மரம் கிடையாது. மூன்று தலைமுறைக் கதையை எந்த மரத்தில் கட்டுவது?

சௌந்தர் போனில் சிரித்தார். "அண்ணே, கதை இல்லாமச் சோறு விக்க முடியாது. வருசத்தை எவன்ணே பாக்குறான்?"

நான் பார்க்கிறேன் என்றேன். அவர் அதற்கும் சிரித்தார்.

நிலா சிரிக்கவில்லை. எழுமலை அவள் அப்பாவின் ஊர். அந்தப் பெயரை சௌந்தருக்குக் கொடுத்ததே அவள்தான். பொய் எழுதிய பட்டியலை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்கச் சமைக்க அவளுக்கு மனம் இல்லை. கடைக்கான ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றாள். உங்கள் வீட்டில் எதில் சமைத்தீர்கள், என்ன விறகு, என்ன புகை என்று கேட்டாள். "நெஜமா ஒரே ஒரு வரி குடுங்கப்பா. இல்லேன்னா அவர் எழுதினதுதான் போகும்."

கேஸ் அடுப்பு என்றேன். பிற்பாடு எங்கள் வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்தது உண்மை.

3

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் தெரியாத எல்லாம் நிலாவுக்குத் தெரியும். அவள் கடைத்தூளை வாங்குவதில்லை. எங்கள் கார் கொட்டகையில் உட்கார்ந்து தானே தயாரிப்பாள்.

காய்ந்த கட்டையின் பட்டையை முதலில் சீவிவிடுவாள். பட்டை கசப்பும் கரியும் தரும். சங்கிலி ரம்பம் பக்கத்திலேயே வராது, அதன் எண்ணெய் தூளில் கலந்துவிடும் என்பதால். பெரிய பல் வைத்த கைரம்பத்தால் குறுக்காக அறுத்து, கீழே விரித்த துணியில் தூளைச் சேர்ப்பாள். பிறகு இரண்டு சல்லடை. மாவு மாதிரி நுண்ணியது காற்றை அடைத்து நெருப்பை அணைத்துவிடும்; சிராய் பற்றிக்கொண்டு எரிந்துவிடும். இரண்டையும் தள்ளிவிட்டு நடுவில் நிற்பதை மட்டும் வெயிலில் காயவைப்பாள். அதை ஒரு துளைத்தகட்டுத் தட்டில், கோலத்தின் சிக்குப் போல வளைந்து வளைந்து போகும் வாய்க்காலில் நிரப்பி, ஒரு முனையில் பற்றவைப்பாள். தீ தெரியாது. கனல் மட்டும் ஊர்ந்து போகும். சுடாத புகை. அந்தப் புகையில் உப்பு, வெண்ணெய், மிளகாய், மீன் எல்லாம் வைத்து எடுப்பாள்.

நான் கொட்டகைப் பக்கம் போவதில்லை. அந்த வாசம் சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது என்பது எனக்கு அவள் பிறப்பதற்கு முன்பே தெரியும். மதுரைப் பசுமலையில் பள்ளி விடுதியில் சேர்ந்த முதல் நாள், பக்கத்துக் கட்டில் பையன் என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னடா, எரிஞ்ச வீட்ல இருந்து வாரியா?" என்று கேட்டான். பள்ளி முடிகிறவரை என் பெயர் கரி.

4

எழுமலைக்கே போய்ப் படம் எடுத்துவிட்டால் கதைக்கு உயிர் வந்துவிடும் என்று சௌந்தர் முடிவு செய்தார். மாசி மாதம், வெயில் ஏறுவதற்கு முன். சௌந்தர் முன்னால் போய்விட்டார். நானும் நிலாவும் பின்னால் போனோம். ஊர்க் கருவேலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க நிலா ஒரு பை மெஸ்கீட் தூளும், அந்தச் சிக்கு வாய்க்கால் தட்டும் பெட்டியில் வைத்திருந்தாள். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வெளியே எடுத்து எறிந்திருப்பேன்.

இந்தியாவில் முதலில் இறங்கிய விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். பழுப்பு நிறத்தில் பொடி. கூடவே துளை போட்ட ஒரு விசித்திரத் தகடு. அதிகாரி பையைத் தூக்கிப் பார்த்து, என்னம்மா இது என்று கேட்டார்.

"தூள், சார்."

"என்ன தூள்?"

"புகைக்கிற தூள்."

ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பத்து ஆண்டு படித்த பெண். அதில் ஓர் இலக்கணப் பிழை இல்லை. புகைக்குப் பயன்படும் தூள், புகைக்கிற தூள். அந்த ஒரு சொற்றொடர் எங்களைக் கண்ணாடி அறைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தது. இரண்டு பேர் வந்து முகர்ந்தார்கள். ஒருவர் நாக்கில் வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்து, பதவியை நினைத்து விட்டுவிட்டார். எவ்வளவு நாளாகப் புகைக்கிறாய் என்று கேட்டதற்கு நிலா, வாரம் இரண்டு முறை, வீட்டில்தான், அப்பாவுக்குப் பிடிக்காது என்றாள். அத்தனையும் உண்மை. அத்தனையும் அவளுக்கு எதிராகப் போனது.

நான் குறுக்கிட்டு, இது மெஸ்கீட், நம் சீமைக்கருவேலம் மாதிரி ஒரு மரம், அதன் தூள், கறிக்குப் புகை போடுவதற்கு என்று விளக்கினேன். அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். சொந்த ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம் என்று பிறகு சொன்னார்.

"கருவேலத் தூளையா சார் காசு குடுத்து வாங்கி, பிளேன்ல ஏத்திக் கொண்டு வாரீங்க? எங்க காட்டுக்கு வாங்க. எம்புட்டு வேணும்னாலும் ஓசியிலயே வெட்டிட்டுப் போங்க. வெட்டுக்கூலி மிச்சம்."

அடுத்த மேசைக்காரரையும் கூப்பிட்டு ஒரு முறை சொல்லிச் சிரித்தார். சந்தேகம் போய்விட்டது, ஆனால் விதி போகவில்லை. தாவரப் பொருளுக்கு நோயில்லை என்று புறப்பட்ட நாட்டில் சான்று வாங்கியிருக்க வேண்டுமாம். மூன்று காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தூளை வைத்துக்கொண்டார்கள். தகடு எதற்கென்று அவர்களுக்கு விளங்காததால் அதையும் வைத்துக்கொண்டார்கள். எழுமலையில் முளைத்துக் கிடக்கிற மரத்திடமிருந்து எழுமலையைக் காப்பாற்றிவிட்டார்கள்.

5

எழுமலையில் என் அக்கா தங்கம் இருக்கிறாள். அரசு மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்து, ஒரு வார்டையே அதட்டி நடத்தி, ஓய்வு பெற்றவள். அவள் கட்டிய வீட்டில் தரை முழுக்க டைல்ஸ், வாசலுக்குக் கிரில். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, தங்க பிரேம் போட்ட கண்ணாடி. மாத்திரையை நேரத்துக்குப் போடாதவர்களை அவள் மனிதராகவே மதிப்பதில்லை. வந்ததும் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "ஏ ராசு, அமெரிக்காவுல உப்பு ஓசியாக் குடுக்குறானா?" என்று கேட்டாள்.

சௌந்தர் மறுநாள் காலை மதுரையிலிருந்து காரில் வந்தார். பின்சீட்டில் இரண்டு மூட்டை மரத்தூள். சிம்மக்கல்லில் பழைய வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கட்டில், பீரோ செய்கிற பட்டறையில் வாங்கியது. மதுரை மண்ணின் தூள் என்றார். நிலா ஒரு பிடி எடுத்து முகர்ந்து, விரலில் தேய்த்துப் பார்த்து, மூட்டையை மூடினாள். பிளைவுட் பசை, வார்னிஷ், வேம்பு எல்லாம் கலந்திருக்கிறது, இதில் புகைபோட்ட கறியைத் தின்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான் என்றாள். சௌந்தருக்கு முகம் வாடிவிட்டது. வீடியோவில் மூட்டை மட்டும் தெரிந்தால் போதுமே என்று கெஞ்சினார்.

பிறகு நிலா கண்மாய்க்கரைக்குப் போய், பட்டுப்போன ஒரு கருவேலங்கிளையை வெட்டி வந்து, பட்டை சீவி, அக்கா வீட்டுப் பழைய வேட்டியொன்றை விரித்து அறுக்க ஆரம்பித்தாள். வேட்டி இறந்துபோன அத்தானுடையது. வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அமெரிக்காவிலிருந்து பெண் வந்திருக்கிறது, வந்து கருவேலங்கட்டையை ராவிக்கொண்டிருக்கிறது. ஒருவர் என்னிடம் வந்து, பிள்ளைக்கு ஏதாவது வேண்டுதலா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். ஆமாம் என்றேன். அதுவே அவருக்குச் சீக்கிரம் புரிகிற விடை.

மதியத்துக்குள் தூள் தயாராகிவிட்டது. கறி முதல் நாள் இரவே உப்பில் ஊறியிருந்தது. அரிசி கொட்டிவைக்கும் பழைய தகர டிரம்மைக் கழுவி, மேலே கம்பி போட்டுக் கறியைத் தொங்கவிட்டாயிற்று. ஆனால் தூளை வைக்கத் தட்டு இல்லை. அது அரசாங்கத்திடம் இருந்தது. நிலா தாம்பாளத்தில் பரப்பிப் பார்த்தாள்; பற்றிக்கொண்டு எரிந்தது. மண்சட்டியில் அமுக்கிப் பார்த்தாள், அணைந்தது. சௌந்தர் போனைக் கம்பத்தில் மாட்டிவைத்துவிட்டு, பானையில் போட்டால் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்த அக்கா எழுந்தாள். உள்ளே போய், வீட்டுக்கு வர்ணம் அடித்தபோது மிஞ்சிய பெயிண்ட் டின்னை எடுத்து வந்தாள். அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்த்துக் கழுவி வைத்திருந்த டின். அடியோரம் தண்ணீர் வடிய ஒரு துளை இருந்தது. நன்னாரி சர்பத் பாட்டிலை அதன் நடுவில் நிறுத்தி, சுற்றிலும் தூளைக் கொட்டினாள். உள்ளங்கையின் அடிப்பாகத்தால், சுற்றிச் சுற்றி, ஒரே மாதிரி அமுக்கினாள். பிறகு பாட்டிலை இடமாக அரைச் சுற்று, வலமாக அரைச் சுற்று திருகி மெதுவாக உருவினாள். நடுவில் சுத்தமாக ஒரு குழல் நின்றது. ஒரு மணி கூட உதிரவில்லை. அடித்துளையை ஒரு கல்லால் அடைத்து, மேலே ஒரு நெருப்புத் துண்டை வைத்து டிரம்முக்குள் இறக்கிவிட்டு, கை கழுவ எழுந்தாள்.

தீ இல்லாமல் புகை வந்தது. வந்துகொண்டே இருந்தது.

நிலா அத்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அத்தை, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா என்னைப் பார்த்தாள். அதாவது, இன்னும் நீ சொல்லவே இல்லையா என்று பார்த்தாள். பதில் வருவதற்குள் சௌந்தர் காரிலிருந்து ஒரு பையோடு வந்துவிட்டார்.

6

பைக்குள் ஒரு கண்டாங்கிச் சேலை இருந்தது. மதுரையில் புதிதாக வாங்கி, பழையதாகத் தெரிய வேண்டும் என்று துவைத்துக் கசக்கி எடுத்து வந்திருந்தார். பட்டியலின் முதல் பக்கத்துக்கு ஒரு படம் வேண்டும். கருவேல விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கண்மாய்க்கரையில் நடந்து வரும் ஒரு கிழவி. அக்கா கண்ணாடியை மட்டும் கழற்றிவிட்டு, இந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு, சும்மா நாலு எட்டு நடந்தால் போதும் என்றார். கட்டு கூடத் தயாராக இருந்தது. பக்கத்துத் தோட்டத்தில் யாரோ வெட்டி அடுக்கியதைக் கேட்டு வாங்கி, கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தார்.

அக்கா சேலையைத் தொடவில்லை. "நான் வெறகு சொமந்தேன்னு உங்களுக்கு யாரு தம்பி சொன்னா?"

சௌந்தருக்குக் கேள்வி புரியவில்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. கிராமம் என்றால் கிழவி, கிழவி என்றால் தலைச்சுமை. அவ்வளவுதான் அவர் கணக்கு.

"ராசு, நீ சொன்னியா?"

இல்லக்கா என்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். நிலாவைப் பார்த்துத்தான் பேசினாள். ஒரு நோயாளியின் விவரத்தை டாக்டரிடம் சொல்கிற குரலில்.

"எங்களுக்கு நெலம் கெடையாது. அப்பா செத்த பெறகு அம்மாவும் நானும் இந்தக் கண்மாயில கருவ வெட்டித் தலச்சொமையாக் கொண்டுபோயி எடை போடுவோம். வெறகு லாரியில மதுரைக்குப் போயிரும். அதுல ஒரு குச்சிகூட எங்க அடுப்புக்கு வராது. மரம் அறுக்குற சாமில்லுல தூளு அள்ளிட்டு வந்து, இப்படித்தான் டின்ல அமுக்கிச் சோறு பொங்குவோம். சரியா அமுக்கலேன்னா பாதிச் சோத்துல அணஞ்சுரும். பொகை பூராம் வீட்டுக்குள்ள. அம்மா அந்தப் பொகையிலயே இருமி இருமிப் போச்சு. உங்கப்பன் பள்ளிக்கூடத்துக்கு அந்தச் சட்டையோடதான் போவான்."

பிறகு சௌந்தர் பக்கம் திரும்பினாள். "உங்க வீட்ல சோத்துக்கடை இருந்துச்சுன்னு ராசு சொன்னான். எந்த வெறகுல பொங்குனீங்க?"

கருவேலம்தான் என்றார் சௌந்தர். உசிலம்பட்டிப் பக்கத்து லாரிதான் வரும் என்றும் சொன்னார். அந்த இடத்தில் எந்த மனிதனும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருப்பான். அவர் இரண்டு கையையும் கூப்பினார். கண் கலங்கிவிட்டது, அது நடிப்பும் இல்லை. "அக்கா, இதான்க்கா கதை. இதத்தான்க்கா நான் தேடிக்கிட்டிருந்தேன். இப்பச் சொன்னதை அப்படியே கேமராவைப் பாத்து இன்னொரு வாட்டி சொல்லிருங்க."

என் வாழ்க்கையில் எத்தனையோ மடையர்களைப் பார்த்திருக்கிறேன். கலங்கிய கண்ணோடு கேமராவின் கோணத்தைச் சரிசெய்த மடையரை அன்றுதான் பார்த்தேன்.

நான் எழுந்துவிட்டேன். அக்கா என்னைக் கையமர்த்தினாள். கண்டாங்கிச் சேலையை எடுத்துப் பார்த்து, நல்ல நூல் என்றாள். அதைக் கிழிக்காமல் முறுக்கி, வளையமாகச் சுற்றி, ஒரு சும்மாடு செய்தாள்.

"போட்டோதான தம்பி வேணும். எடுத்துருவோம். கடை உங்களுது. கட்ட நீங்க தூக்குங்க."

சௌந்தர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. வார்டில் ஊசி போட மறுத்தவர்களிடம் அவள் நிற்பது மாதிரி நின்றாள். சௌந்தர் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டார். நிலாவும் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டை ஏற்றிவிட்டார்கள். கழுத்து உள்ளே போனது. டெக்சாஸ் ஜிம்மில் தூக்குகிற எடைக்கு முள் கிடையாது. கட்டு ஒரு பக்கம் சாய, அவர் மறுபக்கம் சாய்ந்தார். ஒரு முள் காதை ஒட்டி நின்றது. திரும்ப முடியாமல் நேராகவே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நடங்க. நடந்து வார மாதிரி வேணும்னு சொன்னீங்கள்ல."

அவர் நடந்தார். கண்மாய்க்கரை ஏற்றம் தொடங்கும் இடம்வரை போனார். அங்கே நின்று, எப்படி இறக்குவது என்று கேட்டார்.

"எறக்க வேணாம் தம்பி. எடைபோடுற எடம் இன்னும் தூரம்."

நிலா போனில் ஒரு படம் எடுத்தாள். ஒன்றே ஒன்று.

7

கட்டை இறக்கி, காதில் மருந்து போட்டு, அக்கா அவருக்குச் சாப்பாடும் போட்டாள். புகைபோட்ட கறியை நிலா வறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். சௌந்தர் ருசித்துப் பாராட்டினார். நிலா ஒரு துண்டு தின்றுவிட்டு, மேலும் எடுக்கவில்லை. அக்கா தட்டை நகர்த்திவைத்துவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டாள். எனக்கு யாரும் வைக்கவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

நிலா இனி அவரோடு சேரமாட்டாள் என்று நினைத்தேன். திரும்பும் விமானத்தில், இந்தத் தொழிலே வேண்டாம், பழைய வேலைக்குப் போ என்று சொல்லத் தயாராக இருந்தேன். அவள் முந்திக்கொண்டாள். கடையை நடத்தப் போவதாகவும், அதற்கு ஒரு நிபந்தனை இருப்பதாகவும், சௌந்தர் ஒப்புக்கொண்டுவிட்டதாகவும் சொன்னாள். ஏன் என்னிடம் மறைத்தீர்கள் என்று கேட்கவில்லை. என் சட்டைக் கையைப் பிடித்து ஒரு முறை முகர்ந்து பார்த்தாள். அவ்வளவுதான்.

ஹூஸ்டனில் இறங்கியபோது, செடி, விதை, மரப்பொருள் ஏதாவது கொண்டு வருகிறீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். என் பெட்டியில் இருந்த எல்லாத் துணியிலும் கருவேலம் புகை ஏறியிருந்தது. அதற்குச் சான்று கேட்கும் சட்டம் இன்னும் வரவில்லை.

வைகாசியில் கடை திறந்தார்கள். தூள் அங்கேயே, கடைக்குப் பின்னால், நிலா கையால் அறுக்கிறாள். உணவுப் பட்டியலில் முன்னுரை இல்லை. உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில், ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு படம். பிராண்ட் டீஷர்ட் போட்ட ஒரு மனிதர், தலையில் முள்விறகுக் கட்டோடு, கழுத்து உள்ளே போய், எதிரே வருகிறவர்களைப் பயத்தோடு பார்த்துக்கொண்டிருக்கிறார். அதன் கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் நிலா எழுதியிருக்கிறாள்:

'எழுமலைக் கண்மாய்க்கரை. சௌந்தர் விறகு சுமக்கிறார். முதல் முறை.'

வருகிற வெள்ளைக்காரர்கள் படத்தையும் கல்லாவில் இருக்கிறவரையும் மாறி மாறிப் பார்த்து, இது உங்கள் குடும்பத் தொழிலா என்று மரியாதையோடு கேட்கிறார்கள். இல்லை என்று தொடங்கி, பிறகு யாருடைய தொழில் என்று ஒவ்வொரு தடவையும் அவர் சொல்லித்தான் ஆகவேண்டியிருக்கிறது. நிலாவின் நிபந்தனை அதுதான். என் அம்மாவின் பெயர் பேச்சி. அதை அவர் இப்போது ஒரு நாளைக்குப் பல முறை சொல்கிறார், உச்சரிப்பில் குறையில்லை.

அக்காவுக்குப் படத்தை அனுப்பியிருந்தோம். அன்று சாயங்காலமே கூப்பிட்டாள். படம் நன்றாக இருக்கிறதா, கீழே எழுதியது நன்றாக இருக்கிறதா என்று எதுவும் பேசவில்லை.

"கட்டு கோணலா இருக்கு. அப்படியே தெனம் நின்னா கழுத்து போயிரும். அந்தத் தம்பியக் கொஞ்சம் எறக்கி வைக்கச் சொல்லு, ராசு."

அவர் படத்தில்தானே நிற்கிறார், அக்கா என்றேன்.

"தெரியும்," என்றாள். "நாங்க எடைபோட்டதும் எறக்கி வச்சோம். படத்துல நிக்கிற அவரு எறக்க முடியாதுல்ல."